தண்ணீர் ஊற்ற ஊற்ற வாடும் ஆர்க்கிட்

வாசகர் கேள்வி:

தை மாதம் எங்கள் அறுபதாம் கல்யாணத்துக்கு, பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஓர் ஆர்க்கிட் செடி வாங்கி வந்தாள். வெள்ளைப் பூ, நடுவில் குங்குமம் வைத்தாற்போல ஒரு சிவப்பு. ஒன்பது பூ இருந்தது. சித்திரையில் கடைசிப் பூவும் விழுந்தது. அன்றிலிருந்து செடிக்கு இறங்குமுகம்தான். தினமும் காலையில் குளித்துவிட்டு ஒரு தம்ளர் தண்ணீர் விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அரிசி களைந்த தண்ணீர். இலைகள் துவண்டு, தோல் சுருங்கித் தொங்குகின்றன. கீழே இரண்டு இலை பழுத்து விழுந்துவிட்டது. வாட்டத்தைப் பார்த்து இரண்டு தம்ளர் ஆக்கினேன், இன்னும் வாடுகிறது. வெயில் போதவில்லையோ என்று நாலு நாள் மொட்டைமாடியில் வைத்தேன். ஓர் இலையில் கறுப்புத் தழும்பு விழுந்ததுதான் மிச்சம். தொட்டிக்கு வெளியே புழு மாதிரி வெள்ளை வேர்கள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. வெட்டிவிடலாமா? பழைய பூங்காம்பு இன்னும் பச்சையாக இருக்கிறது, அதை என்ன செய்ய? ஏ.சி. இல்லாத வீட்டில் இது பிழைக்குமா? மறுபடி பூக்குமா? வீட்டில், "அந்தச் சவத்தைத் தூக்கி வெளிய போடுங்க" என்கிறாள். எனக்கு மனசு வரவில்லை.

ஓய்வு பெற்ற தபால் ஊழியர், பாளையங்கோட்டை

பதில்:

அண்ணாச்சி, தூக்கிப் போடாதீர்கள். நீங்கள் அனுப்பிய நாலு படங்களில் மூன்றாவதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மற்ற இலைகள் தொங்கினாலும் நடுக்குருத்து கொஞ்சம் விறைப்பாகவே நிற்கிறது. வெளியே நீட்டிய வேர் ஒன்றின் நுனியில், நெல்மணி நீளத்துக்குப் பச்சை தெரிகிறது. குருத்தும் வேர்நுனியும் உயிரோடு இருக்கிற செடியை நான் செத்த கணக்கில் எழுதுவதில்லை. ஆனால் இன்று காலை ஊற்றிய தம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாடுகிற செடிக்குத் தண்ணீர் விடாதே என்றால் யாருக்கும் கோபம்தான் வரும். கத்தரியோ மல்லிகையோ வாடினால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம், அது சரி. இந்தச் செடி வேறு சாதி. இதன் இலை துவள்வதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, தண்ணீர் கிடைக்காதது. மற்றொன்று, தண்ணீருக்குள்ளேயே கிடந்து வேர் அழுகிப்போனது. இலையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வேர் செத்துவிட்டால் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும் மேலே ஏற வழியில்லை. தினமும் ஒரு தம்ளர், அப்புறம் இரண்டு தம்ளர் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் செடிக்கு இரண்டாவதுதான் நடந்திருக்கிறது.

உங்களிடம் இருப்பது ஃபலனாப்சிஸ். பூ விட்டில்பூச்சி இறக்கை விரித்தது போல இருப்பதால், ஜாவாவில் பணிபுரிந்த புளூம் என்ற தாவரவியலாளர் 1825-ல் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, தைவான் பக்கத்துக் காடுகளில் இதன் மூதாதைகள் மரக்கிளைகளில் ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. மாமரத்தில் புல்லுருவி பார்த்திருப்பீர்கள். அது மரத்துக்குள் வேரை இறக்கிச் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் அப்படியில்லை. மரம் அதற்குத் திண்ணை மட்டும்தான். உட்கார இடம் கொடுத்தால் போதும், அடுக்களை வரை வராது. மழை பெய்தால் நனையும், காற்றடித்தால் காயும். மண் என்ற ஒன்றையே பார்க்காத வேர் அது.

அந்த வேரை நீங்கள் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 'புழு மாதிரி' என்று நீங்கள் பயந்த வெள்ளை வேரின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். சொட்டு விழுந்த இடத்தில் வெள்ளி நிறம் மறைந்து, மை ஒற்றுத்தாளில் பரவுவது போலப் பச்சை பரவும். வேரைச் சுற்றி இறந்த செல்களால் ஆன ஒரு பஞ்சு உறை இருக்கிறது. காய்ந்திருக்கும்போது அதில் காற்று நிற்பதால் வெள்ளையாகத் தெரியும். நனைந்ததும் உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரியும். மழை பெய்கிற சில நிமிடங்களில் கிடைப்பதை உறிஞ்சி வைத்துக்கொள்ளத்தான் அந்தப் பஞ்சு. இப்போது உங்கள் செடியை உயிரோடு வைத்திருப்பது அநேகமாக அந்த வெளிவேர்கள்தான். அதைப் போய் வெட்டலாமா என்று கேட்கிறீர்கள்! தொடவே தொடாதீர்கள்.

இதே பஞ்சு நாள் முழுக்க ஈரத்தில் ஊறினால் உள்ளே காற்று போகாது. வேர் மூச்சுமுட்டிச் சாகும். அப்புறம் பூஞ்சாணம் வந்து மிச்சத்தைச் சாப்பிடும். உங்கள் படத்தில் இருக்கிற பீங்கான் தொட்டி அழகுதான், ஆனால் அடியில் ஓட்டை இருப்பதாகத் தெரியவில்லை. அதற்குள் ஒரு மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டிக் கோப்பையும், அதற்குள் வெளிறிய பாசியும் இருக்கும். ஸ்பாக்னம் என்கிற அந்தப் பாசி தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். நர்சரிக்காரர்கள் கணக்காகத் தண்ணீர் விடுவார்கள், லாரியில் அனுப்பும்போது செடி காயக்கூடாது. அவர்களுக்கு அது வசதி. வீட்டில் தினமும் குளித்துவிட்டு வந்து ஒரு தம்ளர் ஊற்றுகிறவருக்கு அது வினை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு கல்யாண மேடைக்கு வந்த மூன்று டஜன் ஃபலனாப்சிஸ் செடிகளைப் பூ முடிந்ததும் சும்மா கொடுத்தார்கள். பச்சை நிழல்வலைக்குக் கீழே வரிசையாக அடுக்கி வைத்தேன். ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. மேல்பாசியைத் தொட்டால் சருகு மாதிரி இருக்கும், காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். ஒரு மாதத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் துவண்டன. ஒரு செடியைக் கோப்பையிலிருந்து உருவிப் பிளந்து பார்த்தேன். வெளிச்சுற்று காய்ந்து மொறுமொறுப்பாக இருந்தது. நடுவே, நாற்றாக இருந்தபோது வைத்த கோலிக்குண்டைவிடப் பெரிய பாசி உருண்டை ஒன்று கறுத்து, கொழகொழவென்று, சாக்கடை வாடையோடு. மேலே தொட்டுப் பார்த்து நான் தினமும் ஏமாந்திருக்கிறேன். முப்பத்தாறில் நாலுதான் பிழைத்தன.

ஆகவே முதல் வேலை, செடியை வெளியே எடுப்பது. இப்போது ஆவணி, நல்ல நேரம்தான். ஐப்பசி மழை வருவதற்குள் நாலு புது வேர் பிடித்துவிட்டால் மீதியை மழைக்காலத்து ஈரக்காற்று பார்த்துக்கொள்ளும். பழைய தினத்தாளை விரித்து உட்காருங்கள். பக்கத்தில் ஒரு பிளேடு அல்லது சின்னக் கத்தரி, கொஞ்சம் ஸ்பிரிட், அடுக்களையிலிருந்து ஒரு ஸ்பூன் பட்டைத்தூள். பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். ஆர்க்கிட்டுக்கு வருகிற வைரஸ் நோய்கள் பெரும்பாலும் ஒரு செடியில் பட்ட கத்தி வழியாகத்தான் இன்னொன்றுக்குப் போகின்றன. இன்றைக்கு ஒரே செடிதான் என்றாலும் பழக்கம் நல்லது.

கோப்பையை மெதுவாகப் பிதுக்கி, செடியை வெளியே எடுத்து, பாசி முழுவதையும் விரலால் பிய்த்து எடுங்கள். முழுவதையும் என்றால் நடு உருண்டையையும் சேர்த்துத்தான். வராமல் அடம்பிடித்தால் ஒரு வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறப்போட்டு எடுங்கள், வரும். அப்புறம் வேர் வேராக இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நிறம் பழுப்பாக இருந்தாலும் நல்ல வேர். பாசிக்குள் இருட்டில் கிடந்ததால் வந்த கறை அது. அழுத்தும்போது தோல் வழுக்கிக்கொண்டு கழன்று, உள்ளே நூல் மாதிரி ஒன்று மட்டும் நின்றால் அது செத்த வேர். வேரை இழுத்துப் பார்த்தால் உறை கையோடு வரும், நூல் செடியில் நிற்கும். அதையெல்லாம் நல்ல பகுதி வரை வெட்டி எறியுங்கள். இரக்கப்பட்டு விட்டுவைத்தால் அது மற்றதையும் கெடுக்கும்.

வெட்டிய வாயில் மட்டும் பட்டைத்தூளை ஒற்றுங்கள். வேர் முழுக்கப் பவுடர் போட்டுவிடாதீர்கள். பட்டை ஈரத்தை உறிஞ்சும், நல்ல வேரும் காய்ந்துபோகும். மஞ்சள்தூள் வைக்கலாமா என்று கேட்பீர்கள். நான் வைத்துப் பார்த்திருக்கிறேன், கெடுதல் ஒன்றும் வரவில்லை. அழுகல் தண்டு வரை ஏறியிருந்தால் மட்டும் உரக்கடையில் கார்பென்டசிம், மேங்கோசெப் இரண்டும் கலந்த பூஞ்சாணக்கொல்லி கேட்டு வாங்கி, லிட்டருக்கு 2 கிராம் வீதம் கரைத்து, வேரைப் பத்து நிமிடம் நனைத்து எடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அடுக்களைப் பாத்திரத்தில் கரைக்காதீர்கள். தண்டு சுத்தமாக இருந்தால் இந்த மருந்தே தேவையில்லை.

பூங்காம்பை அடியோடு வெட்டிவிடுங்கள். நல்ல தெம்புள்ள செடி என்றால் கீழிருந்து இரண்டாவது கணுவுக்கு மேல் வெட்டி விட்டால் அதிலிருந்தே இன்னொரு கிளை வந்து பூக்கும். உங்கள் செடிக்கு இப்போது அது தாங்காத செலவு.

வெட்டி முடித்ததும் உடனே நட வேண்டாம். ஒரு நாள் நிழலில், காற்றுப்படும் இடத்தில் அப்படியே கிடக்கட்டும். காயம் ஆறும். மரத்தில் தொங்குகிற செடிக்கு ஒரு நாள் வெறும் வேரோடு கிடப்பது பெரிய விஷயமே இல்லை.

அடுத்து, எதில் நடுவது. புதுத் தொட்டி வாங்காதீர்கள். செடி வந்த அந்த பிளாஸ்டிக் கோப்பையே போதும். கம்பியைச் சூடாக்கிப் பக்கவாட்டிலும் அடியிலும் பத்துப் பன்னிரண்டு துளை போடுங்கள். ஒளிபுகும் கோப்பையில் ஒரு லாபம்: வேர் வெள்ளையாக இருக்கிறதா, பச்சையாக இருக்கிறதா என்று வெளியிலிருந்தே தெரியும்.

நிரப்புவதற்கு அடுப்புக்கரியும் தேங்காய் மட்டைத் துண்டும். கரியைச் சுண்டைக்காய் முதல் நெல்லிக்காய் அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்துத் தள்ளிவிடுங்கள். மட்டையை அதே அளவுக்கு நறுக்கி மூன்று நாள் ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். முதல் நாள் தண்ணீர் டீ மாதிரி இறங்கும். அந்தச் சாயமும் மட்டையில் இருக்கும் உப்பும் போக வேண்டும். தென்னை நார்க்கழிவு என்று கட்டியாக விற்கிற தூள் வேண்டவே வேண்டாம், அது பாசிக்கு அண்ணன்.

எதில் எவ்வளவு என்பதில்தான் நம் ஊர்க் கணக்கு வருகிறது. கேரளத்துக்காரர்களைக் கேட்டால் வெறும் கரியும் ஓட்டுத்துண்டும் போதும் என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது உண்மை, காற்றிலேயே தண்ணீர் இருக்கிறது. ஆடி, ஆவணியில் நமக்கு வருகிற காற்று எப்படிப்பட்டது? தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைந்து, குற்றாலத்தில் சாரலாகத் தூவிவிட்டு, பாளையங்கோட்டைக்கு வரும்போது வெறுங்கையோடு வருகிறது. கயத்தாற்றில் காற்றாடி சுற்ற அது நல்லது, ஆர்க்கிட்டுக்கு ஆகாது. வெறும் கரியில் நட்டால் காலையில் ஊற்றியது மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். அதனால் கரி ஒரு பங்கு, மட்டை ஒரு பங்கு என்று சமமாகக் கலந்துகொள்ளுங்கள். செடியின் அடித்தண்டு புதையாமல், வேர் மட்டும் உள்ளே போகும்படி வைத்துச் சுற்றிலும் போடுங்கள். ஆடினால் ஒரு குச்சி நட்டுக் கட்டுங்கள். ஆடுகிற செடி புது வேர் விடத் தயங்கும். பீங்கான் தொட்டியை மகள் கேட்டால் காட்டுவதற்கு வைத்துக்கொள்ளலாம். கோப்பையை அதற்குள் வைத்தால் அடியில் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நட்டு நாலைந்து நாள் கழித்து முதல் தண்ணீர். அதுவரை காலையில் இலையின் அடிப்பக்கமும் வெளிவேர்களும் லேசாக நனையும்படி தெளிப்பானால் ஒருமுறை தெளித்தால் போதும். பிறகு தம்ளர் கணக்கை மறந்துவிடுங்கள். கோப்பையைத் தூக்கி ஒரு வாளித் தண்ணீரில் கழுத்தளவு பத்து நிமிடம் முக்கிவையுங்கள், எடுத்து நன்றாக வடியவிடுங்கள், அவ்வளவுதான். அடுத்தது எப்போது என்பதை நாள்காட்டி சொல்லாது, வேர் சொல்லும். கோப்பை வழியே தெரியும் வேர் பச்சையாக இருந்தால் வேண்டாம். வெள்ளியாக மாறி, தூக்கிப் பார்த்தால் கனமில்லாமல் இருந்தால் முக்குங்கள். ஆடிக்காற்றிலும் கத்திரி வெயிலிலும் இரண்டு நாளுக்கு ஒருமுறை கேட்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் வாரம் ஆனாலும் கேட்காது. தினமும் ஒரே நேரத்தில் ஏதாவது செய்தால்தான் திருப்தி என்றால், தினமும் கோப்பையைத் தூக்கிக் கனம் பாருங்கள். அஞ்சல் எடை பார்த்த கைக்கு அது வராமலா போகும்?

எப்போதும் காலையில்தான் முக்க வேண்டும். நடுக்குருத்தில் தண்ணீர் தங்கினால் பஞ்சால் ஒற்றி எடுத்துவிடுங்கள். இந்தச் செடிக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். இரவில் தண்ணீர் நின்று குருத்து அழுகினால், பெரும்பாலும் அதோடு கதை முடிந்தது.

என்ன தண்ணீர் என்பதும் முக்கியம். உங்கள் வீட்டில் கொதிகெண்டியின் உட்புறம் வெள்ளையாகப் படிகிறதா பாருங்கள். போர் தண்ணீர் என்றால் பாளையங்கோட்டையில் பல தெருக்களில் படியும். அந்த உப்பு வேரின் பஞ்சிலும் படியும். கொஞ்ச நாளில் வேர் நுனி கருகும். ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்தால் அதை ஒரு வாளியில் இரவு முழுக்கத் திறந்து வைத்துவிட்டுக் காலையில் பயன்படுத்துங்கள். தாமிரபரணித் தண்ணீர் இருக்கும்போது ஆர்க்கிட்டுக்கு வேறு தண்ணீர் தேடுவது பாவம். மழைத்தண்ணீர் அதைவிட ஒருபடி மேல். மொட்டைமாடியில் முதல் மழை கழுவி ஓடியபிறகு ஒரு குடம் பிடித்து மூடி வையுங்கள். ஆர்.ஓ. கருவி பழுதுபார்க்க வருகிறவரிடம் தண்ணீரின் உப்பளவு காட்டும் பேனா மாதிரி ஒரு கருவி இருக்கும். 200-க்குக் கீழே காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றலாம்.

அரிசி களைந்த தண்ணீரைப் பற்றி. இதில் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு என்று தெரிந்தே சொல்கிறேன்: வேண்டாம். முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுங்கள், மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைச் செரித்துக் கொடுக்கும். பாசிக்குள்ளும் மட்டைக்குள்ளும் அந்த மாவு புளித்து, சின்னக் கொசு மாதிரிப் பூச்சிகளைக் கூப்பிடும். டீத்தூள், முட்டைத்தோடு, மோர் எல்லாவற்றுக்கும் இதே பதில். புது வேர் நுனி தெரிந்தபிறகு, உரக்கடையில் கிடைக்கும் தண்ணீரில் கரையும் 19:19:19 உரத்தில் லிட்டருக்கு அரை கிராம் மட்டும் கரைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முக்குங்கள். வேர் காய்ந்திருக்கும்போது உரம் வேண்டாம். முதலில் வெறும் தண்ணீர், அப்புறம் உரத்தண்ணீர். வேர் இல்லாத செடிக்கு இப்போதே உரம் போடுவது, வாந்தி எடுத்துப் படுத்திருப்பவருக்குப் பிரியாணி வைப்பது போல.

மொட்டைமாடித் தழும்பைப் பற்றிப் பயப்படாதீர்கள். அந்த இடம் காய்ந்து, காகிதம் மாதிரி, அளவு மாறாமல் இருந்தால் அது வெயில் சுட்ட புண். இலையோடு அப்படியே கிடக்கும், வெட்ட வேண்டாம், மிச்ச இலை இன்னும் சமைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஈரமாக, அழுத்தினால் நீர் கசிந்து, நாளுக்கு நாள் பெரிதானால் அது அழுகல். அப்போது அழுகலின் ஓரத்திலிருந்து நல்ல பகுதிக்குள் ஒரு விரற்கடை தள்ளி வெட்டுங்கள். ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு வைத்தால் மூன்று நாளில் எது என்று தெரிந்துவிடும்.

இடம் எது? வீட்டின் அமைப்பை நீங்கள் எழுதவில்லை. பழைய வீடாக இருந்து, தார்சா (வாசலை ஒட்டிய தாழ்வாரம்) கிழக்குப் பார்த்ததாக இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. காலை எட்டு, எட்டரை வரை இளவெயில் பட்டால் நல்லது. அதற்குமேல் வெளிச்சம் மட்டும் போதும். கையைச் செடிக்கு மேல் நீட்டினால் நிழல் விழ வேண்டும், ஆனால் ஓரம் மங்கலாக இருக்க வேண்டும். கத்தியால் வெட்டினாற்போல நிழல் விழுந்தால் வெயில் அதிகம். மேற்குச் சன்னல் இந்த ஊரில் ஆர்க்கிட்டுக்குக் கொலைக்களம். அங்கணத்துப் பக்கம் சன்னலும் வெளிச்சமும் இருந்தால் அதுவும் நல்ல இடம்தான். பாத்திரம் கழுவுகிற ஈரம் சும்மா கிடைக்கும். ஆனால் அங்கே வைப்பதற்கு வீட்டில் அனுமதி வாங்குவது உங்கள் பாடு.

காற்று ஈரத்துக்காகக் கூழாங்கல் தட்டில் தண்ணீர் வைக்கச் சொல்வார்கள். வையுங்கள், ஆனால் நம் காற்றுக்கு அது யானைப்பசிக்குச் சோளப்பொரி. நாலைந்து தொட்டிச் செடிகளுக்கு நடுவில் வைப்பது அதைவிட உதவும். இந்த முதல் ஒன்றரை மாதத்துக்கு மட்டும், துணிக்கடையில் தரும் பெரிய ஒளிபுகும் கவரை, மேல்வாய் திறந்திருக்கும்படி, செடியைச் சுற்றிச் சட்டை மாதிரி நிறுத்தி வையுங்கள். வேர் இல்லாதபோது இலை வழியே போகிற தண்ணீரைக் குறைக்கும். வாயைக் கட்டிவிட்டால் நம் வெக்கையில் உள்ளே அவிந்துவிடும்.

ஏ.சி. வேண்டாம். அது காற்றிலிருந்து ஈரத்தைப் பிடுங்குகிற எந்திரம். வாடிய செடிக்கு நேரே அது வீசினால் ஆடிக்காற்றே தேவலை. கோடையில் 38, 39 டிகிரி வருகிற நாட்களில் செடி வளராமல் சும்மா இருக்கும், ஆனால் நிழலும் காற்றோட்டமும் இருந்தால் சாகாது.

பூக்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். ஃபலனாப்சிஸ் பூங்காம்பு விடுவதற்கு, சில வாரங்கள் தொடர்ந்து 25 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழோ குளிர்ச்சி வேண்டும். பெரிய நர்சரிகள் குளிர்விக்கும் வசதியுள்ள பசுமைக்குடில் கட்டி அதைச் செய்கின்றன. பெங்களூருக்கு இயற்கையே பாதி கொடுக்கிறது. நமக்கு மார்கழி, தையில் இரவு 22, 23-ஐத் தொட்டாலே பெரிது, பகலில் மறுபடி 30. ஆக, வாய்ப்பு மெல்லியது, ஆனால் இல்லாமல் இல்லை. இந்த மார்கழிக்கு எதிர்பார்க்காதீர்கள், செடி தேறவே அவ்வளவு நாளாகும். அடுத்த கார்த்திகைக் கடைசியிலிருந்து இரவில் சன்னலைத் திறந்து, பனிக்காற்று படும் இடத்தில் வைத்துப் பாருங்கள். இலை அடியிலிருந்து புதிதாக ஒன்று நீண்டால் நுனியைக் கவனியுங்கள்: வழுவழுப்பாக உருண்டிருந்தால் வேர், கட்டைவிரல் ஒட்டிய கையுறை மாதிரிச் சற்றே மடிந்து கூராக இருந்தால் பூங்காம்பு. அன்றைக்கு எனக்கு எழுதுங்கள்.

பூதான் வேண்டும் என்றால், பாளையங்கோட்டை வீட்டுக்கு நான் சிபாரிசு செய்வது டெண்ட்ரோபியம் என்ற வேறு வகை ஆர்க்கிட். கேரளத்தில் பூ வியாபாரத்துக்கு வளர்க்கிற சோனியா என்ற ஊதா-வெள்ளைக் கலப்பினம் நம் சூட்டைத் தாங்கும். அதற்குக் கரும்பு மாதிரித் தண்டு உண்டு, அதில் தண்ணீரைச் சேமித்துக்கொள்ளும். இரண்டு நாள் மறந்தாலும் கோபிக்காது. குளிரும் கேட்காது, காலை வெயிலைக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். அதற்கு மட்டும் மண்சட்டி வாங்குங்கள். காருகுறிச்சிப் பக்கம் போனால், சூளையில் வைக்குமுன் பக்கவாட்டில் நாலைந்து துளை போட்டுத் தரமுடியுமா என்று வேளாரிடம் கேட்டுப் பாருங்கள். சுட்ட சட்டியில் துளை போடப் போய் நான் உடைத்தவை கணக்கில்லை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். குற்றாலம், பாபநாசம் பக்கம் மலையிலிருந்து பிடுங்கி வந்த ஆர்க்கிட்டை யாராவது சாக்கில் வைத்து நீட்டினால் வாங்காதீர்கள். நம் மலையில் மரத்துக்கு மரம் ஆர்க்கிட் உண்டு. அகத்தியமலையில் மட்டுமே இயற்கையாக வளரும் பாஃபியோபெடிலம் என்ற மஞ்சள் நிற ஆர்க்கிட் ஒன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது, இப்படிப் பிடுங்கிப் பிடுங்கித்தான். புலிகள் காப்பகத்திலிருந்து செடி எடுப்பது குற்றம் என்பது ஒருபுறம். அந்த ஈரத்திலும் குளிரிலும் பிறந்தது உங்கள் தார்சாவில் ஒரு கோடையைத் தாண்டாது என்பது மறுபுறம்.

இப்போது வேலை இதுதான்: பாசியைப் பிய்த்து, வெட்டி முடித்தபின், கெட்டியான வேர் எத்தனை மிஞ்சியது என்று எண்ணி ஒரு படம் அனுப்புங்கள். மூன்று நாலு இருந்தால் நான் சொன்னபடி நட்டுவிடலாம். ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் கோப்பையில் நடாதீர்கள். பிழிந்த ஈரப்பாசியை ஒரு கைப்பிடி கிண்ணத்தில் போட்டு, செடி அதைத் தொடாமல் மேலே நிற்கும்படி குச்சியில் கட்டி நிறுத்துங்கள், ஈரத்தைத் தேடி வேர் இறங்கும். இரண்டு மாதம் ஆகலாம். சுருங்கிய பழைய இலைகள் முழுசாக நிமிராது, அதைப் பார்த்து மறுபடி தம்ளரை எடுத்துவிடாதீர்கள். அடுத்து வருகிற இலை விறைப்பாக வருகிறதா என்று பாருங்கள். வீட்டிலும் அந்த இலையைக் காட்டுங்கள்.